மெட்டச்சனில் இறங்கிக்கொண்ட அப்பா

1

ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். செக்ரட்டரி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டி, "உனக்கு ஒரு அம்மாள் போன் பண்ணுகிறார், உன் அப்பாவைப் பற்றியாம்" என்றாள். வயதான அப்பாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

போனில் டோரத்தி. பிஸ்கட்டவேயில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி.

"பயப்படாதே, உன் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். மெட்டச்சன் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் எந்த ரயிலிலும் ஏறமாட்டேன் என்கிறார்."

"மெட்டச்சனில் அவருக்கு என்ன வேலை?"

"நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம்" என்றார் டோரத்தி, ஏதோ கடைக்குப் பால் வாங்கப் போனதைப் போல.

இது 1998 ஜூலையில் நடந்தது. அப்பா அமெரிக்கா வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவருடைய ரிட்டர்ன் டிக்கெட் ஆகஸ்ட்டோடு காலாவதியாகிறது. அதற்குள் அவர் திரும்பிப் போகவேண்டும், அல்லது டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எங்களோடு இருந்துவிடவேண்டும். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் எல்லோருடைய மனதிலும் இருந்தது இந்த ஒரே கேள்விதான். யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. எங்கே "போறேன்" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவருக்கு என்ன பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

அப்பாவை இங்கே கொண்டுவரப் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனிக்கட்டுரை ஆகிவிடும். நான் சிட்டிசன் ஆன பிறகு அவருக்கு கிரீன் கார்டு apply பண்ணினேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா பிறந்ததை எந்த ஆபீஸிலும் யாரும் பதியவில்லை. பிறந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடிய வயதில் இருந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் அவரைவிட இளைய ஒரு சித்தப்பா, அண்ணன் பிறந்தது தனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டார். அதை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராக மாறியிருந்ததால், ஊரில் கணேசன் மகன் ரவியாக இருந்தவன் இங்கே 'மிஸ்டர் கணேசன்' ஆகிவிட்டேன். அப்பா வந்த பிறகு வீட்டுக்குப் போன் பண்ணி "மிஸ்டர் கணேசன் இருக்கிறாரா?" என்று கேட்கிற கடன் அட்டை விற்பனைக்காரர்களுக்கெல்லாம் அவர், "ஸ்பீக்கிங் சார்" என்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா போனபின் அவர் தனியாக இருந்தார். வேறு பிள்ளைகள் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இங்கே எங்கள் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். காலையில் நானும் என் மனைவி சுமதியும் ஆளுக்கொரு காரில் கிளம்பிவிடுவோம். மகள் நித்யாவைப் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் 287 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வருகிறபோது உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. இடையில் இருக்கிற பகல் முழுவதும் அப்பாவுடையது. நடந்து போகக் கடை இல்லை. நடைபாதையே இல்லை. ஒருநாள் ரோட்டோரமாக நடந்துபோனவரைப் பார்த்து ஒரு கார் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றியிருக்கிற புல்தரையில் மட்டும் நடந்தார்.

நான் வந்ததும் அவரோடு உட்காருவேன். அதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. காபி போட்டுக் கொடுப்பேன், அன்றைய செய்தி பேசுவேன், கோடைக்காலமானால் காரில் பார்க்குக்கு அழைத்துக்கொண்டு போவேன். நித்யாவிடம், "தாத்தாகூட கொஞ்சம் பேசும்மா" என்று சொல்லி அனுப்புவேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், வாயில் வராது.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்னம்மா நடந்துச்சு?"

"நத்திங் மச், தாத்தா."

"சாப்பிட்டியா?"

"யா."

இதற்குமேல் இருவருக்கும் வண்டி ஓடாது. அவர் அவளிடம் ரயில்வேயில் பழகிய ஒர்க்‌ஷாப் இங்கிலீஷில் பேசிப்பார்ப்பார். அவள் சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். கீழே அப்பா படுக்கிற அறை முன்பு அவளுடைய கம்ப்யூட்டர் அறை. ஒருநாள் சுமதியிடம், தாத்தா போனதும் அது எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அப்பாவின் காதில் அது விழுந்ததா என்று சுமதிக்கு இன்றுவரை சந்தேகம்.

3

டோரத்தி எங்களுக்குப் பல வருடமாகப் பக்கத்து வீடு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் இருந்த ஒரு அமெரிக்கச் சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலில் வந்தவர். கணவர் இறந்துவிட்டார். வேலிக்கு மேல் ஹலோ சொல்வதோடு எங்கள் பழக்கம் முடிந்துவிடும். அவர் எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. இங்கே யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

ஏப்ரலில் எங்கள் ஊர்ப் பொதுநூலகத்தில் அவர் பேசப்போவதாக ஒரு தாளை எங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். தலைப்பு, 'நான் பிறந்த ரயில்வே கிராமம்'. அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வாசலிலேயே பிடித்தார்.

"தம்பி, இதுக்குப் போகணும்."

அவர் அமெரிக்கா வந்து வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. சனிக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் வெள்ளைத் தலைகள். அப்பா வேட்டியை விட்டு பேன்ட் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

லண்டனுக்கு மேற்கே, வெறும் வயற்காடாக இருந்த இடத்தில் ரயில் கம்பெனி என்ஜின் பட்டறை கட்டியது என்று டோரத்தி ஆரம்பித்தார். பட்டறை கட்டினால் ஆள் வேண்டும், ஆள் வந்தால் வீடு வேண்டும். கம்பெனியே வரிசை வரிசையாகக் கல் வீடுகள் கட்டியது. தெருக்களுக்கு அந்த ரயில் பாதையில் இருக்கிற ஊர்களின் பெயர். கம்பெனிப் பள்ளிக்கூடம், கம்பெனிச் சர்ச், கம்பெனிப் பூங்கா. படிப்பதற்கும் நாடகம் போடுவதற்கும் ஒரு இன்ஸ்டிட்யூட். வாரக்கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு குடும்பம் மொத்தத்துக்கும் வைத்தியம். காலையில் பட்டறைச் சங்கு ஊதினால்தான் ஊர் எழுந்திருக்கும்.

திரையில் படம் மாற மாற அப்பா என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார். "அப்படியே நம்ம காலனிடா." வெள்ளைக்காரன் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் பட்டறை வைத்தபோதும் இதே கணக்குத்தான் போட்டிருக்கிறான். அதே வரிசை வீடுகள், அதே ஆஸ்பத்திரி, அதே இன்ஸ்டிட்யூட், அதே சங்கு. நான் பிறந்தது முதல் காலேஜுக்குப் போகும்வரை இருந்தது அப்படி ஒரு குவார்ட்டர்ஸில்தான். அங்கே எனக்குத் தெரிந்த எல்லா அப்பாக்களுக்கும் ஒரே முதலாளி. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று பால்காரருக்குக்கூடத் தெரியும். அதைப் பிரமாதமான வாழ்க்கை என்று நான் சொல்லவரவில்லை. எப்போது கிளம்பலாம் என்று காத்திருந்துதான் கிளம்பினேன்.

டோரத்தியின் ஊரில் ஜூலையில் ஒரு வாரம் பட்டறையை மூடிவிடுவார்களாம். தொழிலாளிகள் எல்லோரும் குடும்பத்தோடு கம்பெனி விடுகிற ரயில்களில் ஏறிக் கடற்கரைக்குப் போய்விடுவார்களாம். யாருக்கும் டிக்கெட் கிடையாது, இலவசம். ஊரே காலி. கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த விடுமுறையை அங்கே சும்மா 'ட்ரிப்' என்று சொன்னாலே போதுமாம். டோரத்தி முதன்முதலாகத் தன் காசில் ரயில் டிக்கெட் வாங்கியது, யுத்தம் முடிந்து கப்பல் ஏறத் துறைமுகத்துக்குப் போனபோதுதான். கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்.

கேள்வி உண்டா என்றார்கள். ஒரு கிழவர் என்ஜினின் நிறத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு அப்பா எழுந்து நின்றார்.

"மேடம், ஆஃப்டர் ரிட்டையர்மென்ட், ஃபார் வேகேட்டிங் குவார்ட்டர்ஸ், ஹவ் மச் டைம் தே கேவ்?"

டோரத்தி கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார். இவ்வளவு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். அவருடைய அப்பா உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டதும் வீட்டைக் காலி செய்யவேண்டியிருந்தது. இவர்கள் கிளம்புவதற்கு முன்பே அடுத்து வரப்போகிற குடும்பத்துப் பெண்மணி, ஜன்னல் திரைக்கு அளவெடுக்க நாடாவோடு வந்துவிட்டாராம். டோரத்தியின் அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாராம்.

"எங்க வீட்டுக்கும் வந்தாங்க மேடம்" என்று தன் இங்கிலீஷில் சொன்னார் அப்பா. "என் வொய்ஃப் காபி கொடுத்தா."

அவர் ரிட்டையர் ஆன சமயத்தில் நான் இங்கே இருந்தேன். வீடு காலி செய்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி வந்தது. யாரோ வந்து வீட்டை அளந்த கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

4

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள். பகலில் டோரத்தி வீட்டுப் பின்பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். இவர் பேசுவது அவருக்கு எவ்வளவு புரிந்தது, அவர் பேசுவது இவருக்கு எவ்வளவு புரிந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். டோரத்தி ஊரில் அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செருப்பும் கோட்டும் விற்கிற கடைகளாம். டோரத்தி ஒருமுறை ஊருக்குப் போய்த் தான் பிறந்த வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறார். ஒரு பையன் திறந்து, எதுவும் வாங்குவதாக இல்லை என்று சொல்லிச் சாத்திவிட்டான்.

நாங்கள் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போகிறபோது அப்பாவை கேன்டீனில் மற்ற பெரியவர்களோடு உட்காரவைப்போம். எல்லோரும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தவர்கள். அவர்களுக்குள் விசாரணை நடக்கும். ஒருமுறை கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"பொன்மலை."

"அங்க வீடு இருக்குதுங்களா?"

"குவார்ட்டர்ஸ்."

"ரிட்டையர் ஆயிட்டீங்களே, இப்ப?"

"இப்ப வேற ஸ்டாஃப் இருக்காங்க."

அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவருக்குத் தோட்டம், கிணறு, தம்பிமார்கள் என்று எல்லாம் இருந்தது. அப்பாவைப் பாவமாகப் பார்த்தார். ரயில்வேக்காரர்களுக்கு ஊர் என்று கைகாட்ட ஒரு தெரு இருக்கும், உள்ளே போக வீடு இருக்காது. அதனால்தான் அப்பா இங்கேயே இருந்துவிடுவார் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போக அவருக்கு என்ன இருக்கிறது?

5

அந்த ஜூலைச் செவ்வாய்க்கிழமை டோரத்திக்கு ட்ரிப் ஞாபகம் வந்திருக்கிறது. நாமும் போனால் என்ன என்று கேட்டிருக்கிறார். அப்பாவும் உடனே பேன்ட்டை மாட்டிக்கொண்டுவிட்டார். டோரத்தியின் காரில் எடிசன் ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரயில், நடுவில் இன்னொரு ரயிலுக்கு மாறவேண்டும், பிறகு கடல். டோரத்தி பையில் சாண்ட்விச் செய்து வைத்திருந்தார். சுமதி காலையில் பிசைந்து வைத்த தயிர்சாதத்தை அப்பா டப்பாவோடு எடுத்துக்கொண்டார்.

டோரத்தி தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினார். ஒரு பெண் வாங்கிக் கொடுத்தால் அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும், அவர் தன் டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொள்வார் என்று மரியாதைக்காக விலகி நின்றிருக்கிறார். அப்பா வாங்கவில்லை. காசு மிச்சம் பிடிக்க அல்ல. பதினெட்டு வயதில் ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து அவர் டிக்கெட் கவுன்ட்டரில் நின்றதே கிடையாது. எங்கள் குடும்பத்திலேயே யாரும் நின்றதில்லை. எங்கே போனாலும் ரயில்வே தருகிற இலவச பாஸ். பாஸ் இங்கே செல்லாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சட்டைப் பையில் ஓய்வுபெற்ற ஊழியர் அடையாள அட்டை இருந்தது. தண்டவாளத்தின் மேல் ஓடுகிற எதுவும் தன்னை வெளியாளாக நினைக்காது என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறார்.

கண்டக்டர் வந்தார். அப்பா அட்டையை நீட்டி, "ரிட்டையர்ட் ஸ்டாஃப்" என்றார். கண்டக்டர் நல்ல மனிதர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் நீங்கள் டிக்கெட் எடுக்கவேண்டும், என்னிடமே எடுக்கலாம் என்று தன்மையாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். டோரத்தி பர்ஸைத் திறப்பதற்குள் மெட்டச்சன் வந்துவிட்டது, அப்பா இறங்கிவிட்டார். டோரத்தியும் பின்னாலேயே இறங்கினார். அவர்களுடைய ட்ரிப் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தயிர்சாத டப்பா.

"என்னப்பா இது? டோரத்தி டிக்கெட் வாங்கறேன்னுதானே சொன்னாங்க?"

"லேடீஸ் காசுல நான் ஏறணுமா? விடுடா." அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டே, "முப்பத்தொம்பது வருஷ சர்வீஸ்ல டிக்கெட் இல்லாம மாட்டினவன்னு எவனும் என்னைச் சொன்னதில்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அம்மா போன அன்றைக்கு மட்டும்தான். எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போயிற்று.

மணி இரண்டரை. பாதியில் விட்டுவந்த மீட்டிங், நாளைக்குக் கொடுக்கவேண்டிய ரிப்போர்ட், நித்யாவின் பியானோ கிளாஸ் எல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. இருந்தாலும் சொன்னேன். "சரி வாங்க, கார்லயே போலாம். ஒரு மணி நேரந்தான். நான் லீவு சொல்லிக்கறேன்."

அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாம்ப்பா. வெயிலா இருக்கு. வீட்டுக்குப் போலாம்."

நான் காரைக் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது டோரத்தி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை அவருடைய கார் நின்ற எடிசன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

6

மறுநாள் சாயங்காலம் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அப்பா சொன்னார். "தம்பி, நான் ஆகஸ்ட்ல கிளம்பறேன்."

நான் சண்டை போட்டேன். சுமதி, "மாமா, இங்க உங்களுக்கு என்ன குறை?" என்று கண்கலங்கினாள். ஒரு குறையும் இல்லம்மா என்றார். ஒரு வருடத்துக்குமேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டு போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று பயமுறுத்தினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அங்கே ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது, இங்கே ஒரு பல்வலி என்றால்கூட நீ யோசிக்கவேண்டியிருக்கிறது என்றார். வருடா வருடம் பாஸ் வீணாகிறது என்றார். உடன் வேலை பார்த்த அந்தோணி, காலனிக்கு வெளியே தன் வீட்டு மாடியில் ஒரு அறை தருவதாக எழுதியிருக்கிறார் என்றார். எல்லாமே சரியான காரணங்கள். நூறு தடவை யோசித்து அடுக்கி வைத்தது தெரிந்தது.

ஏர்போர்ட்டில் நித்யா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ப்ளீஸ் கம் பேக், தாத்தா" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ரூமை நல்லா வச்சுக்கம்மா" என்றார். சுமதி என்னைப் பார்த்தாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது டோரத்தி வேலியோரம் வந்தார். மிஷினை நிறுத்தினேன். அப்பா சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். போய்விடுவார் என்று நினைத்தேன், நிற்கிறார்.

"உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை" என்றார். "அன்றைக்கு நீ காரை எடுக்கப் போனபோது அவரிடம் கேட்டேன், மகன்தான் அழைத்துப் போகிறேன் என்கிறானே, ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று."

"என்ன சொன்னார்?"

"'என் மகன் பகலில் ஒரு ஷிஃப்ட் பார்க்கிறான். வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு இரண்டாவது ஷிஃப்ட் நான். ஒருநாள்கூட அவன் லீவு போட்டதில்லை, முகம் சுளித்ததில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை' என்றார்."

டோரத்தி வேலியின் மேல் இருந்த என் கையை லேசாகத் தட்டிவிட்டு உள்ளே போனார். பாதிப் புல் வெட்டாமலே கிடந்தது.

அன்றைக்கு ராத்திரி வழக்கம்போல போன் கார்டைத் தேய்த்து அந்தோணி மாமா வீட்டு நம்பரைப் போட்டேன். அங்கே ஞாயிறு காலை. அப்பா எடுத்தார். வாராவாரம் எங்கள் பேச்சு ஒரே தடத்தில்தான் போகும். சாப்பாடு, உடம்பு, நித்யா படிப்பு, பிறகு அவராகவே, சரி வச்சிடவா, நீ போய்ப் படு என்பார். அவர் வந்து தங்குவதற்கு முன்பும் அப்படித்தான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"வேலை ரொம்பவா? டயர்டா இருக்கியா?"

எப்போதும் "ஆமாப்பா, கொஞ்சம்" என்பேன். அதைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார்.

"இல்லப்பா" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமா?" என்று கேட்டார் அப்பா.